படம் ஒன்று, குரல் பல: ஓசூர் எல்லையில் சித்திரக் கதையின் வரலாறு

கட்டம் கட்டமாக வரைந்த படங்களாலும் அவற்றினுள் எழுதப்பட்ட உரையாடலாலும் நீண்ட கதையொன்றைச் சொல்லும் நூலைச் சித்திரப் புதினம் என்றும், அந்நூலின் மாந்தருக்கு அசைவும் குரலும் கொடுத்துப் பகுதி பகுதியாக வெளியிடப்படும் படைப்பை அசைவூட்டத் தொடர் என்றும் இன்று வழங்குகின்றனர். பிரித்தானிய ஓவியர் லூக் பியர்சன் 2010 முதல் நூல்களாக வெளியிட்ட ஹில்டா என்னும் சிறுமியின் கதைகள், 2018இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக உருப்பெற்றது இவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மலையளவு உயர்ந்த பூதங்களும், கண்ணுக்குப் புலப்படாத குட்டி மனிதரும், வெயில் பட்டால் கல்லாகிவிடும் அரக்கரும் நடமாடும் அந்த உலகம் வடஐரோப்பிய நாட்டார் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இத்தகைய தொடர்களைத் தொலைக்காட்சியோடு வந்த அயல்நாட்டுப் பழக்கமாகவே தமிழ்நாட்டில் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் வரலாற்றைப் பார்க்கும்போது, வரைந்த உருவம் ஒன்றாகவே நிற்க, அதற்குரிய பேச்சு மட்டும் கேட்போரின் மொழிக்கேற்ப மாறுகின்ற இந்த முறை அங்கே தொலைக்காட்சிக்கும் அச்சுக்கும் முந்தியது என்பது தெளிவாகும்.

அப்பகுதியின் மொழிநிலையே இதற்கு முதற்காரணம். பழங்காலத்தில் மொரசு நாடு எனப்பட்ட மேட்டுநிலத்தின் தென்பகுதியான ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அடுத்தடுத்த தெருக்களில் வீட்டுமொழிகளாக இருந்து வருகின்றன. திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1792இல் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலும், அவர் வீழ்ந்த பின் 1799இல் ஓசூரும் ஆங்கிலேயர் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தபோதும், ஒரே சந்தையில் நான்கு மொழிகள் பேசப்படும் நிலை மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் கதை சொல்ல வருகின்றவன், எந்த மொழியினரும் பார்த்தவுடன் அறிந்துகொள்ளும் உருவத்தைக் கையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

படங்களை வரிசையாக அடுக்கிக் கதை சொல்லும் பழக்கத்தின் மிகப் பழைய சான்றுகள் அப்பகுதியில் கல்லில் கிடைக்கின்றன. போரிலோ, ஆநிரை மீட்கும் பூசலிலோ, புலியோடு பொருதோ இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மிகுதியாக உள்ளன. அவற்றுள் தமிழ் எழுத்துப் பொறித்தவையும் கன்னட, தெலுங்கு எழுத்துப் பொறித்தவையும் உண்டு. பிற்கால நடுகற்கள் சில, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கீழ்க்கட்டத்தில் வீரன் போரிடுகிறான். நடுக்கட்டத்தில் தேவமகளிர் இருபுறமும் நின்று அவனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்கின்றனர். மேற்கட்டத்தில் அவன் இறைவனின் முன் அமர்ந்திருக்கிறான். ஒரே மனிதன் ஒரே கல்லில் மூன்று முறை தோன்றுவதைக் கண்டு, அவை மூன்று ஆட்களல்ல, ஒருவனுக்கே அடுத்தடுத்து நேர்ந்த மூன்று நிலைகள் என்று உணர்கின்ற கண்ணே சித்திரக் கதை படிக்கும் கண். குந்தாணியிலிருந்து போசள மன்னன் இராமநாதன் ஆண்ட 13ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கண் அப்பகுதி மக்களுக்கு வாய்த்திருந்தது என்று சொல்வதில் தவறில்லை. கல்வெட்டு எந்த மொழியில் இருந்தாலும், அதை வாசிக்கத் தெரியாதவருக்கும் சிற்பம் கதையைச் சொல்லிவிட்டது.

மாயக் கதைக்கும் அங்கே பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு அமைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தோர் நினைவாக எழுப்பிய கல்லறைகள், பாறைச்சரிவு முழுவதும் பரந்து நிற்கின்றன. இவ்வகைக் கற்திட்டைகளைத் தமிழ்நாட்டில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும், கன்னட நாட்டில் மோரியர் மனை என்றும் ஊரார் அழைப்பர். முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ள மனிதர் கட்டிக்கொண்ட வீடுகள் அவை என்பது நெடுங்காலமாக வழங்கும் கதை. தொல்லியலாளர் தரும் விளக்கம் அறிவுக்கு உரியது. குட்டி மனிதரைப் பற்றிய ஊரார் கதையோ, ஹில்டா தொடரை இன்று விரும்பிப் பார்க்கும் அதே கற்பனைக்கு உரியது.

கல்லில் உறைந்து நின்ற உருவத்துக்கு அசைவும் குரலும் கொடுத்த கலை தோற்பாவைக் கூத்து ஆகும். ஆட்டுத்தோலையோ மான்தோலையோ ஒளி ஊடுருவுமாறு மெல்லிதாகப் பதப்படுத்தி, அதில் உருவத்தை வரைந்து, அணிகலன்களும் ஆடையின் பூவேலையும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்படி உளியால் துளையிட்டு, சாயமேற்றி, தோள், முழங்கை, முழங்கால் முதலிய மூட்டுகளை நூலால் இணைத்துப் பாவை செய்யப்படும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் முற்காலத்தில் எண்ணெய் விளக்கையும் பிற்காலத்தில் மின்விளக்கையும் வைத்து, திரையோடு ஒட்டி அதை ஆட்டும்போது, கறுப்பு நிழலுக்குப் பதிலாகச் செம்மையும் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியுருவம் பார்வையாளருக்குத் தெரியும். இருட்டில் அமர்ந்து, ஒளிவீசும் திரையில் வண்ண ஓவியம் நடப்பதையும் பறப்பதையும் போரிடுவதையும் இரவிரவாக, இராமாயணத்தின் ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்பதுதான் அக்கலையின் நுகர்வு. அசைவூட்டத் தொடர் என்று இன்று சொல்லப்படுவதன் இன்றியமையாத கூறுகள் அனைத்தும் இதில் உள்ளன.

ஓசூர் மேட்டுநிலத்தைச் சுற்றி இக்கலையின் மூன்று மரபுகள் அமைந்திருப்பது தனிச்சிறப்பு. கிழக்கிலும் வடகிழக்கிலும் ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டம் ஆளுயரப் பாவைகளைக் கொண்டது. அனந்தபுரம் பகுதியின் நிம்மலகுண்டா அக்கலைஞர் வாழும் புகழ்பெற்ற ஊர். வடக்கிலும் மேற்கிலும் கருநாடகத்தின் தொகலு கொம்பெயாட்டத்தில் சிறிய பாவைகள் மிகுதி. அவற்றுள் பல, மூட்டுகளே இல்லாமல், அரசவையோ வனமோ முழுமையாக ஒரே தோலில் பல மாந்தரோடு வெட்டப்பட்டவை. அப்படியொரு தோலைத் திரையில் வைத்துக் கலைஞன் பாடி முடித்ததும் அடுத்த தோல் வரும். படக்கதைக் கட்டங்களைப் புரட்டுவதற்கு இதைவிட நெருங்கிய முன்னுருவம் கிடைப்பது அரிது. ஒரே கதைமாந்தருக்கு மனநிலைக்கும் பருவத்துக்கும் ஏற்ப வெவ்வேறு பாவைகள் வைத்திருப்பதும் அம்மரபில் உண்டு. தெற்கே தமிழ்நாட்டின் தோற்பாவைக் கூத்து, இராமாயணத்தோடு நல்லதங்காள் கதை போன்றவற்றையும் நிகழ்த்தியது. மழை வேண்டியும், கால்நடை நோய் நீங்க வேண்டியும் ஊரார் பொதுச்செலவில் பாவைக் கூத்து வைப்பித்தனர்; ஆகவே அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை.

மூன்று மரபுகளின் கலைஞரிலும் பெரும்பகுதியினர் வீட்டில் மராத்தியின் கிளைவழக்கொன்றைப் பேசுகின்றவர் என்பது மிக முக்கியமான செய்தி. தென்னாட்டில் மராத்தியர் ஆட்சி பரவிய காலத்தோடு அவர்களது வருகையை ஆய்வாளர் பலர் இணைக்கின்றனர். வீட்டில் ஒரு மொழி பேசி, திரைக்குப் பின்னால் ஆந்திரத்தில் தெலுங்கிலும், கருநாடகத்தில் கன்னடத்திலும், தமிழ்நாட்டில் தமிழிலும் பாடி உரையாடிய அவர்கள், பாவை பொதுவானது, பேச்சு ஊருக்கு உரியது என்னும் விதியைத் தம் தொழிலாலேயே நிலைநாட்டினர். ஒரே கலைஞன் இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசுவான். காவிய மாந்தர் பாட்டிலும் செந்நடையிலும் பேச, கோமாளிகள் மட்டும் கொச்சை வழக்கில் பேசுவர்: கன்னடத் திரையில் கில்லேக்யாதனும் அவன் துணையாகிய பங்காரக்காவும், தமிழ்த் திரையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அந்த இடத்தை வகித்தனர். காவியத்தில் இவர்களுக்கு இடமில்லை. எழுதிவைத்த உரையாடலும் இல்லை. கூத்து நடக்கும் ஊரின் பெயர், அவ்வூரின் வழக்கு, அன்றைய விலைவாசி ஆகியவற்றைப் பேச்சில் நுழைத்து, கடவுளர் கதையை அந்தத் தெருவுக்குச் சொந்தமாக்கியது கோமாளியின் வாயே. பாவைக் கூத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்று கொள்வதற்கு வலுவான காரணம் உண்டு.

அச்சு யுகத்தில் இதே விதியை ஒரு திங்களிதழ் தொழில்முறையாக வளர்த்தெடுத்தது. சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய இதழ் 1947இல் தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் வெளிவந்தது. 1949இல் கன்னடப் பதிப்பும், பின்னர் இந்தி, மராத்தி, மலையாளம் முதலிய பதிப்புகளும் சேர்ந்தன. வண்ணப் படங்களும் பக்க அமைப்பும் எல்லாப் பதிப்புக்கும் பொது. படங்களுக்கிடையே விடப்பட்ட இடத்தில் அந்தந்த மொழியின் எழுத்து மட்டும் மாறும். விலையுயர்ந்த பணி படம் வரைவதும் வண்ணத்தில் அச்சிடுவதும் ஆகையால், அச்செலவைப் பல மொழிகள் பகிர்ந்துகொண்டபோது, எந்த ஒரு மொழியின் வாசகரும் தனியே தாங்க முடியாத தரத்தை எல்லா மொழியினரும் குறைந்த விலைக்குப் பெற்றனர். பதிப்பாசிரியப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த கொடவட்டிகண்டி குடும்பராவ், எந்த மொழிக்கும் எளிதில் பெயர்க்கத்தக்க, சிக்கலற்ற நடையை இதழின் ஒழுங்காக ஆக்கினார்.

அந்த இதழின் மாயத் தொடர்கதைகள் இங்குத் தனியே பேசத்தக்கவை. தாசரி சுப்பிரமணியம் எழுத, சித்ரா என்ற பெயரில் டி.வி. ராகவன் படம் வரைந்த அத்தொடர்களில் மந்திரவாதிகளும், விந்தை விலங்குகளும், பாதாளக் கோட்டைகளும், ஆவியுருக்களும் மாதந்தோறும் வளர்ந்துகொண்டே சென்றன. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஓவியம் பயின்ற சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன், 1950களின் தொடக்கத்தில் இவ்விதழில் சேர்ந்து, 2020இல் தமது 96ஆம் வயதில் மறையும்வரை அதன் பெயரோடு பிரிக்கமுடியாதவராக இருந்தார். ஒரு கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமன் அவருடைய தூரிகையில் உருவானவன். வேதாளக் கதைகள் மூலநூலில் இருபத்தைந்தே. அவை தீர்ந்த பின்னும் அதே சட்டகத்தில் புதிய கதைகளை இதழ் பல்லாண்டுகள் படைத்துக்கொண்டே இருந்தது. ஓசூர் போன்ற ஊரில் தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும், கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும், தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் ஒரே மாதத்தில் ஒரே விக்கிரமனைத் தத்தம் எழுத்தில் படிக்க முடிந்ததன் அருமை, ஒரே மொழி வழங்கும் மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்காது. சாதி, மொழி, பள்ளி ஆகியவற்றால் பிரிந்திருந்த சிறுவருக்கு ஒரு பொதுவான கற்பனை நாட்டை அவ்விதழ் அளித்தது. தென்னிந்தியப் பண்பாட்டு வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

கட்டங்களும் பேச்சுக்குமிழ்களும் கொண்ட முழுமையான படக்கதை, அதாவது காமிக்ஸ், எல்லையின் இருபுறமும் அடுத்தடுத்துப் பரவியது. அமர் சித்திரக் கதை வரிசை 1967இல் அனந்த் பையின் முயற்சியால் பம்பாயில் தொடங்கியதாகவே பொதுவாக எழுதுகின்றனர். எனினும், அதை வெளியிட்ட பதிப்பகத்தின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த ஜி.கே. அனந்தராம் 1965இலேயே மேலைநாட்டுத் தேவதைக் கதைகளைக் கன்னடத்தில் படக்கதையாகக் கொண்டுவந்தார். ஆங்கில வரிசையின் முதல் இந்தியக் கதையான கிருஷ்ணன் 11ஆம் எண்ணோடு தொடங்குவது இதனால்தான். இவ்வரிசை பின்னர்ப் பல மொழிகளில் வெளிவந்தபோது, படம் ஒன்று எழுத்து பல என்ற அம்புலிமாமாவின் வழியையே பின்பற்றியது. தமிழ்நாட்டிலோ 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியை முதல் இதழாகக் கொண்டு வந்தது. பிரித்தானிய வார இதழொன்றின் கதைமாந்தனாகிய இவன், மின்சாரம் பாய்ந்தால் எஃகுக் கையைத் தவிர உடல் முழுவதும் மறைந்துபோகும் தன்மை உடையவன். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன.

அக்காலத்திலேயே ஓசூரின் உருவமும் மாறியது. 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட், அதாவது தொழிற்சாலைகளுக்கு நிலமும் சாலையும் நீரும் மின்வசதியும் அமைத்துத் தரும் கழகம், தன் தொடக்க கால வளாகங்களுள் ஒன்றை அங்கே உருவாக்கியது. 1980களில் மொபெட், சரக்குந்து, கைக்கடிகாரம் ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள், முன்பே நான்கு மொழி வழங்கிய ஊரில் மேலும் பல வழக்குகளைச் சேர்த்தன. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காமிக்ஸ் இதழ்களுக்கு இத்தகைய ஊர்கள் நல்ல சந்தை; ஆனால் சிவகாசிக் காமிக்ஸ் தமிழ் மட்டும் அறிந்தது. அம்புலிமாமா மூன்று மொழியாருக்கும் கொடுத்ததை அது கொடுக்கவில்லை.

தொலைக்காட்சி வந்தபோது நிலைமை தலைகீழானது: படம் கிடைத்தது, சொந்த மொழிக் குரல் கிடைக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. ஆயினும் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னையைவிட, 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரே ஓசூருக்கு அண்மையது. 1990களில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் வந்த ஜங்கிள் புக், ஜப்பானில் வரையப்பட்டு இந்தியில் குரல் கொடுக்கப்பட்ட தொடர்; இந்தி அறியாத பிள்ளைகள் மௌக்லியின் அசைவைக் கொண்டே கதையை உணர்ந்தனர். நடுகல்லைப் பார்த்துக் கதையறிந்த கண்ணின் பயிற்சி இங்கும் பயன்பட்டது. ஆனால் செவி பட்டினி கிடந்தது.

அந்தப் பட்டினி தீர்ந்ததற்கு இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து அமைந்தன. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கி, அயல்நாட்டுத் தொடர்களை முழுநாளும் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. ஜாக்கி சானைக் கதைமாந்தராகக் கொண்ட, மந்திரத் தாயத்துகளும் அரக்கரும் நிறைந்த அமெரிக்கத் தொடர், பேச்சுத் தமிழின் கேலியும் துடிப்பும் கலந்து ஒலித்ததனால் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்தது. 2009இல் தெலுங்கில் குஷி டிவியும் கன்னடத்தில் சிண்டு டிவியும் அதே குழுமத்தால் தொடங்கப்பட்டபோது, அம்புலிமாமாவின் அமைப்பு ஒலிவடிவில் மறுபிறவி எடுத்தது.

எல்லையின் இருபுறமும் இதில் ஒரே நிலை இல்லை. பிறமொழிப் படைப்புக்குக் கன்னடக் குரல் கொடுத்தால் கன்னடத் திரைத்தொழில் அழியும் என்று அஞ்சி, 1960கள் முதல் கருநாடகத் திரையுலகினர் மொழிமாற்றத்தைக் கடுமையாக எதிர்த்து வந்தனர். அவ்வெதிர்ப்பு போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் கருதி, திரைத்துறை அமைப்புகளுக்குத் தண்டம் விதித்தது. தொழிலாளரின் பிழைப்பைக் காக்க எழுந்த அந்த எதிர்ப்புக்கு நியாயம் இருந்தது. எனினும் அதன் சுமையைப் பெரிதும் தாங்கியவர் தாய்மொழியில் கதை கேட்கும் வாய்ப்பிழந்த சிறுவரே. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடுகளுக்குத் தமிழ்க் குரலில் வரும் தொடர்கள் ஏராளமாகக் கிடைத்த காலத்தில், அவர்களது சொந்த மொழியில் கிடைத்தவை மிகச் சிலவாக இருந்தன.

படக்கதை நூலிலிருந்து தொடர் பிறக்கும் முறை இந்தியாவில் வேரூன்றியது இத்தகைய சிறுவர் அலைவரிசைகள் பரவிய பின்னரே. லோட்போட் என்ற இந்திச் சிறுவர் இதழின் படக்கதை மாந்தரான மோட்டுவும் பட்லுவும் 2012இல் நிக்கலோடியனில் தொடராகி, தமிழ்க் குரலிலும் பெருவரவேற்பைப் பெற்றனர். மாயக் கதையைப் பொறுத்தவரை மிக நெருங்கிய எடுத்துக்காட்டு பெங்களூரைத் தொட்டு வளர்ந்தது: 2006இல் தொடங்கி அந்நகரில் ஓவியக்கூடம் வைத்திருந்த வர்ஜின் காமிக்ஸ், இராமாயணத்தை எதிர்கால உலகில் நிகழும் சித்திரப் புதினமாக மாற்றியது; அதன் நிறுவனர்களுள் ஒருவரான சரத் தேவராஜன் பின்னர் நடத்திய கிராஃபிக் இந்தியா, 2021இல் த லெஜண்ட் ஆஃப் ஹனுமான் தொடரைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட ஏழு மொழிகளில் உருவாக்கியது. அனுமன் கடல் தாவும் காட்சியை, தோற்பாவைத் திரையின் முன் மூன்று மொழியாரும் வெவ்வேறு ஊர்களில் கண்டது போலன்றி, இன்று ஓசூரின் ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கிலும் பேரன் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்க முடிகிறது.

ஆயினும் பழைய மரபில் இருந்த ஒன்று புதியதில் இல்லை. தெலுங்குச் சொல்லும் கன்னட முடிபும் உருது விளியும் கலந்த ஓசூர்த் தமிழை எந்தத் தொடரின் எந்த மாந்தரும் பேசுவதில்லை. அப்பகுதியின் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இதே நிலைதான். மொழிமாற்றம் தலைநகரக் கூடங்களில், அங்கு வழங்கும் பொதுப்பேச்சில் நடைபெறுகின்றது. கில்லேக்யாதனும் உச்சிக்குடும்பனும் வகித்த இடம் வெறுமையாக உள்ளது. இக்குறை நீக்கத்தக்கதே. அசைவூட்டத் தொடரில் பெருஞ்செலவு வரைவதற்கும் அசைப்பதற்கும் ஆவது. படத்தைத் தொடாமல் புதிய குரல்தடம் ஒன்றைச் சேர்ப்பது அச்செலவில் சிறு பகுதி. ஓவியக்கூடங்கள் மிகுந்த பெங்களூருக்கும் குரல் கலைஞர் நிறைந்த சென்னைக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் ஓசூர் இருக்கிறது. அனுமன் தொடரிலோ வேறொரு மாயக் கதையிலோ கோமாளிப் பாத்திரம் ஒன்றுக்கு மட்டுமேனும், ஓசூர்ச் சந்தையில் ஒலிக்கும் பேச்சைத் தரத்தக்க குரல்களை அவ்வூரிலேயே தேடிச் சேர்ப்பது, பாவைக் கலைஞர் எந்த நிறுவனத்தின் துணையுமின்றி ஒவ்வோர் இரவும் செய்த பணியைவிடக் கடினமானதன்று.